கோரைக்குப் பக்கத்தில் ஓர் அருகு

ஒரு கால்பந்து மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், விதைத்த புற்களுக்கு நடுவே ஓர் அருகம்புல் தானாக முளைத்திருந்தது. பராமரிப்புக்காரர் களைக்கொத்தியோடு வருகிறார் என்றாலே அதற்கு வேர்வரை நடுங்கும்.

ஒருநாள் காலை அதன் பக்கத்திலேயே ஒரு கோரை தலைகாட்டியது.

"அக்கா, உங்க இலையைக் கொஞ்சம் என்மேல சாய்ச்சு வைங்க. அந்த ஆளு தாண்டிப் போனா போதும், பிழைச்சுக்குவேன்" என்று அது கெஞ்சியது.

அருகுக்கு மனசு கேட்கவில்லை. இலையைச் சாய்த்துக் கோரையை மறைத்தது. அதற்குள் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது. பெரிய நிழல் ஒன்று மேலே கவிந்தது. களைக்கொத்தியின் முனை வெயிலில் மின்னியதைக் கண்டதும் அருகுக்கு உயிரே போய்விட்டது. விருட்டென்று நிமிர்ந்து, "நான் இல்லைங்க! இதுதான் கோரை!" என்று கத்தியது.

கோரை கிழங்கோடு பெயர்ந்து கூடைக்குள் போய் விழுந்தது. பராமரிப்புக்காரர் மேலே நடந்தார்.

அருகு சுற்றியிருந்த புற்களைப் பார்த்து, "நல்லவேளை, நம்ம எல்லாரையும் காப்பாத்திட்டேன்" என்று சிரிக்கப் பார்த்தது.

ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற புல் மட்டும் மெதுவாகக் கேட்டது:

"அப்போ, அது கோரைன்னு உனக்கு முன்னாடியே தெரியும்?"

அதற்குள் பூட்ஸ் சத்தம் நின்று, திரும்பி வர ஆரம்பித்திருந்தது. சுற்றியிருந்த புற்களெல்லாம் அருகைச் சுட்டிக்காட்டி ஒரே குரலில், "ஐயா, இங்கே!" என்றன.