நம்ம ஆளு

எங்கள் தெருவை ஆள யாரும் இல்லை. தெருவில் இருக்கும் ஒவ்வொருவரையும் பக்கத்து வீட்டார் வந்து “இது நம்ம ஆளு” என்று சொல்லவேண்டும்; சொல்லிவிட்டால் அந்த ஆளால் வரும் சேதத்துக்கெல்லாம் அவர்களே பொறுப்பு. அப்படிச் சொல்ல யாருமில்லாதவர் தெருமுனையில் இருக்கும் தெருக்கதவைத் தாண்டிப் போய்விட வேண்டும். வெளியே யாருக்கும் யாரும் பொறுப்பில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் அடுப்படியில் பிடித்த தீ பக்கத்து வீட்டு எஸ்தரக்காவின் கூரைக்குத் தாவியது. அணைக்கப் போன அவளுடைய கைகள் வெந்துபோயின. அடுப்பை எரியவிட்டுத் தண்ணீருக்குப் போனது நான். ஆனால் வீட்டின் பின்கட்டில் படுத்திருந்தது என் கொழுந்தன் முப்பிடாதி. அவனுக்கு வலிப்பு உண்டு. வலிப்பில் அவன்தான் அடுப்பைத் தட்டிவிட்டிருப்பான் என்றார்கள்; அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் எஸ்தரக்கா கைக்கட்டோடு வந்தாள்.

“ஏட்டி செண்பகம், ஒம்மேல கோவமில்ல. நீ, ஒம் புருசன், பிள்ள, மூணு பேரும் நம்ம ஆளுதான். முப்பிடாதிய மட்டும் இனி என்னால சொல்ல முடியாது.”

நான் வாயைத் திறந்தால் போகவேண்டியது நான். இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

முப்பிடாதி இரண்டு வேட்டியையும் மாத்திரைகளையும் பையில் வைத்துக்கொண்டான். வெளியே அவன் வலிப்பு வந்து விழுந்தால் தொட்டுத் தூக்க ஆள் வராது. தெருக்கதவு வரை கூடவே நடந்தேன்.

கதவைத் தாண்டியபின் திரும்பாமலே சொன்னான்.

“நான் அடுப்புப் பக்கமே போகல மதினி. அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிராதிய. அவன் தாங்க மாட்டான்.”