முகத்துணி

மட்டாஞ்சேரி சவப்பெட்டிக் கடையில் சாயங்கால வெயில் வார்னிஷின் மேல் வழுக்குகிறது. பிரிஜித்தாவை உச்சி முதல் பாதம் வரை அளந்துவிட்டு, கடைக்காரர் அந்தப்பன் டேப்பைச் சுருட்டுகிறார். தன் அடக்கத்துக்கு வேண்டியதை அவளே வந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். "மோன் கனடாவிலேருந்து வர்ற வரைக்கும் ஃப்ரீசர் வேணுமல்லோ சேச்சி?" "வேண்டாம். அவன் அப்பனை நாலு நாள் ஐஸ்பெட்டியில போட்டுக் காத்துக் கிடந்தேன். கடைசியில அவன் வரலை, துரை போன்லதான் பார்த்தாரு." அந்தப்பன் பேச்சை மாற்ற வெள்ளை முகத்துணியை விரிக்கிறார். அதன் ஓரத்து லேஸை அவள் விரல்கள் நெருடுகின்றன. "பெட்டியை அடைக்கறதுக்கு முன்னால மூத்த மகனல்லோ இதை முகத்துல மூடணும்?" என்கிறார் அந்தப்பன். அவள் துணியை நாலாக மடித்து அவர் கையிலேயே திணிக்கிறாள். "அளவெடுத்தது நீங்கதானே? நீங்களே மூடிடுங்க."