இன்று யாரும் சாகவில்லை

வானொலியில் செய்தி வாசிப்பவளின் கணவன் காலையில் காய்ச்சல் வார்டில் இறந்தான். மாலையில் அவள் வேலைக்குப் போனாள். "இன்னிக்கு யாரும் சாகலைன்னு வாசிம்மா. ஊரு பயந்துரக் கூடாது. வேலை வேணும்ல?" என்றார் அதிகாரி. வாசித்தாள்.

வீட்டில் கணவன் வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தான். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. "என்னடி பாக்கறே? நீதானே சொன்னே, யாரும் சாகலைன்னு. பசிக்குது." பரிமாறினாள். தினமும் அதையே வாசித்தாள். தினமும் அவன் சாப்பிட்டான்.

இன்று அதிகாரி சிரித்துக்கொண்டே வந்தார். "இனிமே ஜனங்க பயந்தாத்தாம்மா அடங்குவாங்க. உண்மையையே வாசிச்சிரு. உன் வீட்டுக்காரர் பேர்லேருந்து ஆரம்பி, உருக்கமா இருக்கும்."

மைக்குக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டில் இந்நேரம் அவள் குரலுக்காக அவன் வானொலியைத் திருகியிருப்பான்.