பன்னிரண்டு மணிக் கதவு

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்கிறது. அர்மெல் தன் இரும்புக்கடைக் கதவைத் தாழிட்டு, 'இரண்டு மணிக்குத் திறக்கும்' என்ற அட்டையைத் தெருப்பக்கம் திருப்புகிறாள். எப்போதும் பின்கட்டில் சாப்பிடுகிறவள், இன்று மேசையைக் கடையின் கண்ணாடி ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறாள், தெருவே பார்க்கட்டும் என்று. பூட்டுகளுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவே வறுத்த மத்தி மீன், ரொட்டி, ஆப்பிள் மது. செப்டம்பர் வெயில் மீன் தோலில் மினுங்குகிறது. அவள் கணவன் லோயிக் கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு நிதானமாக முள்ளெடுக்கிறான். ஆணி வாங்க வந்து ஏமாந்து தெருவில் நிற்கும் எனக்கும் நகர மனமில்லை. நகராட்சி உறுப்பினர் கில்தாஸ் கண்ணாடியைத் தட்டுகிறார். கடை இருக்கும் கட்டடம் நகராட்சியுடையது, மத்தியானம் பூட்டுகிற கடைக்கு இனி வாடகை ஒப்பந்தம் கிடையாது என்று நேற்றுத் தீர்மானம் போட்டவர் அவர்தான். "கதவத் தொற, அர்மெல்! டூரிஸ்ட்டெல்லாம் வந்து வந்து திரும்பிப் போறாங்க." "போகட்டும். அவங்களுக்கும் பசிக்காதா?" என்று உள்ளேயிருந்தே கத்துகிறாள். "வெளையாடாத. கடை போயிடும், பாத்துக்கோ." அவள் எழுந்திருக்கவில்லை. ரொட்டித் துண்டால் தட்டை வழித்தபடியே கேட்கிறாள்: "அது சரி கில்தாஸ், அந்தத் தீர்மானத்த எதிர்த்து நான் இப்பவே மனு குடுக்கணும். ஒங்க ஆபீஸ்ல யாரு இருக்கா?" கில்தாஸ் தன்னையறியாமல் திரும்பிப் பார்க்கிறார். சதுக்கத்தின் மறுபக்கம் நகராட்சியின் பெரிய கதவு பூட்டிக் கிடக்கிறது. 'இரண்டரை மணிக்குத் திறக்கும்' என்கிறது அதில் தொங்கும் அட்டை. அர்மெல் அடுத்த மீனை எடுக்கிறாள்.