அமாவாசை விடுமுறை

வேனைப் பார்த்ததும் எழில் கையை நீட்டினான்.

தாண்டவராயன் மூச்சிரைக்க ஓடிவந்து மகனின் சட்டையைப் பிடிப்பதற்குள் வேன் நின்றுவிட்டது. ஓட்டுநர் அன்புமணிக்கு நிறுத்தும் எண்ணமே இல்லை. தினமும் காலையில் இதே புளியமரத்தடியில் எழிலை ஏற்றிப் பழகிய கால், தன்பாட்டுக்குப் பிரேக்கை மிதித்துவிட்டது.

இன்று வேன் வரக்கூடாத நாள். அமாவாசை.

மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான அந்தப் பகல்நேரக் காப்பகத்துக்கு அமாவாசைதோறும் விடுமுறை. எழிலைச் சேர்க்கும்போதே அதை நடத்தும் மேடம் காரணத்தைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு முத்திவிடும், கத்துவார்கள், முட்டிக்கொள்வார்கள், வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு அக்கறை!

மேடம் சொன்னதும் பலித்தது. மற்ற நாளெல்லாம் இருக்கிற இடம் தெரியாத எழில், அமாவாசை வந்தால் தொண்டை கிழியக் கத்தினான். கதவில் போய்த் தலையை மோதினான்.

தாய் இல்லாத வீடு. தாண்டவராயன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். அதனால் அமாவாசை விடிந்ததும் மகனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புவார். கத்தல் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வரும். சாயங்காலம் வந்து திறந்தால் நெற்றி வீங்கிக் கிடக்கும்.

இன்று பூட்டுவதற்கு முன் குழாயடிக்குப் போனார். ஒரு குடம் நிறைவதற்குள் பையன் நழுவிவிட்டான். பூட்டு இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

எழில் வேனில் ஏறிவிட்டான். அவனுக்கு இது வேன், அவ்வளவுதான்.

முன்னால் வேப்பிலை கட்டியிருந்ததையும், பக்கவாட்டில் காப்பகத்தின் பெயரை மறைத்து அங்காளம்மன் பேனர் தொங்கியதையும் தாண்டவராயன்தான் பார்த்தார். உள்ளே அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம். திண்டிவனத்திலிருந்து வாடகைக்குப் பிடித்து வந்தவர்கள்.

எழில் எப்போதும் உட்காரும் ஜன்னலோர இருக்கையில், மடியில் எலுமிச்சம்பழத் தட்டோடு ஒரு பெண் இருந்தாள். அவன் அவளைத் தள்ளவில்லை. சண்டை பிடிக்கவில்லை. குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டுவிட்டான். டக்கென்று சத்தம் வந்ததும் கை தட்டினான்.

அந்தப் பெல்ட்டைப் போட அவன் ஒரு மழைக்காலம் முழுக்கக் கற்றுக்கொண்டான். சரியாகப் போட்டால் டீச்சர் கை தட்டுவார்.

அந்தப் பெண் வீறிட்டாள். பழங்கள் காலடியில் உருண்டன.

"ஐயோ, பேய் புடிச்ச புள்ளய ஏத்திட்டாங்க! எறக்குங்க மொதல்ல!"

தாண்டவராயன் ஏறி மகனின் கையைப் பிடித்தார். அவன் மறுக்காமல் வந்தான். இறங்கும்போது ஒரு எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கித் தட்டில் வைத்துவிட்டு வந்தான்.

ஓட்டுநர் ஜன்னலருகே நின்று தாண்டவராயன் கேட்டார். "ஒவ்வொரு அமாவாசைக்கும் இதானா அன்பு?"

அன்புமணி கண்ணாடியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன கேக்காதண்ணா, மேடத்தாண்ட கேளு. மொதல்ல அவன ஊட்டுக்கு இட்டுனு போ, முத்திடப் போவுது."

மேடத்திடம் கேட்கலாம். கேட்டால் நாளையிலிருந்து புளியமரத்தடியில் வேன் நிற்காது. அப்புறம் மாதத்தில் ஒரு நாள் இல்லை, எல்லா நாளும் பூட்டுதான்.  தாண்டவராயன் மகனைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் ஒதுங்கினார்.

வேன் கிளம்பியது. பின்கதவை மறைக்கப் பேனர் போதவில்லை போலும். அங்கே ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த படம் அப்படியே தெரிந்தது. காப்பகத்துக்கு வேன் வாங்கித் தந்தவர்கள் அதை ஒப்படைத்த அன்று ஒட்டியது. 'எங்களுக்கும் ஓர் இடம்' என்ற எழுத்துக்குக் கீழே புதுச்சட்டையில் வாயெல்லாம் பல்லாக ஒரு முகம்.

எழிலின் முகம்.

சேத்துப்பட்டு சாலையில் அந்தச் சிரிப்பு சின்னதாகிக்கொண்டே போனது. எழில் அதற்குக் கையசைத்தான். தினமும் சாயங்காலம் இறங்கியதும் அப்படித்தான் அசைப்பான்.

வீடு வரைக்கும் நடந்தார்கள். எதிரில் வந்த ஸ்பெஷல் பஸ்களுக்கெல்லாம் எழில் டாட்டா காட்டினான். தாண்டவராயன் வழி நெடுக மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணைப் பார்த்தார். கை நடுங்குகிறதா என்று பிடித்துப் பார்த்தார். நெற்றியில் போன மாத வீக்கத்தின் தழும்பு மட்டும் இருந்தது.

"நைனா, நாளிக்கி வேன் வரும்" என்றான் எழில்.

"வரும்டா."

மேஸ்திரி போன் செய்தார். லோடு வந்து நிற்கிறது, வருகிறாயா, வேறு ஆளைக் கூப்பிடவா என்றார். தாண்டவராயன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மகனுக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்தார். சொம்பில் தண்ணீர் வைத்தார். பாயை விரித்தார். எழில் சமர்த்தாக வந்து பாயில் உட்கார்ந்தான்.

வாசலுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து பூட்டை எடுத்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் எழில் கத்த ஆரம்பித்தான்.