உனக்கெங்கே புரியும்!

“பிரில்லியண்ட்!” என்று எழுந்து நின்று கைதட்டினார் கணவர். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒரு கொட்டாவியே விட்டுவிடலாம், அவ்வளவு நிதானம்.

மனைவி அவருடைய சட்டையை இஸ்திரி போட்டு நீட்டியிருந்தாள். காலரில் ஒரு சுருக்கம் மிச்சமிருந்தது. “அவ்வளவு நல்லாவா இருக்கு?” என்றாள்.

“மண்டு, மண்டு! இது பாராட்டு இல்லடி, ஐரனி! இங்கிலீஷ்காரன் திட்டணும்னா பாராட்டுவான். தொனியைக் கவனிக்கணும். உனக்கெங்கே புரியும்!”

கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற பாடம் இது. அவர் ஐஸ்கிரீம் கம்பெனியில் ஸ்டோர் மேற்பார்வையாளர். ஆங்கிலம் அரைகுறை, அலட்டல் முழுசு. பால் பொங்கி வழிந்தால் “வொண்டர்ஃபுல்”. அவள் தடுக்கி விழுந்தால் “எக்ஸலண்ட்”. சிரிப்பதும் அவரே.

இன்று மேனேஜர் பதவி யாருக்கு என்று முதலாளி சொல்கிற நாள். தனக்குத்தான் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மத்தியானமே திரும்பிவிட்டார். கக்கத்தில் ஆபீஸ் நாற்காலியின் மெத்தை, கையில் குடை, டம்ளர். முகமெல்லாம் பல்.

“மெத்தையை ஏன் தூக்கிட்டு வந்தீங்க?”

“நாளையிலிருந்து ஸ்டோருக்கு வர வேண்டாம்னுட்டார் முதலாளி! தலைமை ஆபீசுக்கே போடப் போறார்னு நினைக்கிறேன். ‘உன் மூளையை இந்தக் கம்பெனி தாங்காது’ன்னு இங்கிலீஷ்லயே சொன்னார்!”

“அப்படி என்னதான் பண்ணினீங்க?”

“லீவு நாள்ல ஸ்டோருக்கு எதுக்கு கரண்ட்டுன்னு மெயினையே அணைச்சுட்டு வந்தேன். எவனுக்காவது தோணுச்சா? காலையில முதலாளி கதவைத் திறந்து பார்த்தார். பார்த்ததும் எல்லார் முன்னாடியும் எனக்குக் கைதட்டினார்! மத்தவனுங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டானுங்க. வயித்தெரிச்சல்!”

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எப்படித் தட்டினார்? தட்டிக் காட்டுங்க.”

“இதோ, இப்படி...” கையிலிருந்ததையெல்லாம் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். ஒன்று. ஒரு கொட்டாவி நேரம். இரண்டு. மறுபடி ஒரு கொட்டாவி நேரம். அடுத்த தட்டுக்கு எழும்பிய கைகள் அந்தரத்திலேயே நின்றுவிட்டன.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பிரில்லியண்ட்!”