டீச்சர் பெட்டியில் என்ன?

"சார், சொல்றதுக்கே கூச்சமா இருக்கு. நம்ம கணக்கு டீச்சர் பரிசுப் பெட்டியிலேர்ந்து சாமான் எடுக்கிறாங்க."

கேமராப் பெண் மூச்சு வாங்கச் சொன்னாள். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்த மேனேஜர் சார் நிமிர்ந்தார்.

"எடுத்து?"

"தன்னோட பெட்டியில போட்டுப் பூட்டிக்கிறாங்க. நேத்தும் பார்த்தேன், இன்னிக்கும் பார்த்தேன்."

கடல் தாண்டி வந்து, அந்தக் குழந்தைகள் இல்லத்தின் வகுப்பறைகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்த தொண்டர் குழு அது. மேனேஜர் சார்தான் தலைவர்; கணக்கு டீச்சரும் அதில் ஒருவர். வேலை முடிந்துவிட்டது. மறுநாள் காலை பரிசு கொடுத்துவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான் பாக்கி.

பரிசு என்றால், ஆளாளுக்கு ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த துணிமணி, ஷூ, பொம்மைகள். எல்லாம் வராந்தாவில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் கிடந்தன.

குழந்தைகளுக்கு நம் எழுத்து தெரியாது. அதனால் மேனேஜர் சார் ஒரு யோசனை சொல்லியிருந்தார். கேமராப் பெண் எல்லோர் முகத்தையும் படம் எடுத்து, குட்டிக் குட்டி ஸ்டிக்கராக அடித்தாள். யார் கொண்டுவந்த பொருளோ, அதன்மேல் அவர் முகம்.

"யார் குடுத்ததுன்னு பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார் சார்.

அவர்மேல் அந்தப் பிள்ளைகளுக்கு உயிர். நம் மொழியில் அவர்கள் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை, "மாமா".

"டீச்சரா இப்படி?" என்றார் சார், நம்ப முடியாமல்.

"என்ன சார் நீங்க, சாப்பாட்டு மேஜையில மிஞ்சுற சர்க்கரைப் பொட்டலத்தைக்கூட விடமாட்டாங்க. ரெண்டு நாளா பெயின்ட் பட்ட அதே டிரெஸ்தான். சோப்பு மிச்சம்!"

அன்று மாலை சாரே ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார். டீச்சர் வந்தார். பெட்டிக்குள் கைவிட்டு எதையோ எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் நோட்டம் விட்டார். பொருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று தன் அறைக்குள் போய்விட்டார்.

அப்படி என்னதான் எடுக்கிறார்? சாருக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது.

மறுநாள் காலையில் நல்ல குளிர். டீச்சர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நடுங்கியபடி வந்தார்.

"என்ன டீச்சர், தினமும் போடுவீங்களே அந்தப் பச்சை ஸ்வெட்டர், அது எங்கே?" என்று கேட்டாள் கேமராப் பெண்.

"எங்கேயோ வச்சுட்டேன்மா."

"பெட்டி நிறைய அடுத்தவங்க சாமான். அதுல இவங்க ஸ்வெட்டர் எங்கேன்னு தேடுறது!" என்று சாரின் காதில் முணுமுணுத்தாள் அவள்.

பரிசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவது என்று இருவரும் டீச்சரின் அறைக்குப் போனார்கள்.

"பெட்டியைத் திறங்க டீச்சர்."

"எதுக்கு சார்?"

"உங்களுக்கே தெரியும்."

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊர்ல போய் இறங்கினதும் உங்க முன்னாடியே திறக்கிறேன். இங்கே வேணாமே."

"அதுக்குள்ள பிள்ளைங்க பொருள் கடல் தாண்டிடும். வந்த இடத்துல நம்ம மானம் போகக்கூடாது. திறக்கலைன்னா அடுத்த வருஷம் குழுவுல உங்களுக்கு இடமில்லை."

டீச்சரின் முகம் வாடிவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க சார். பெரிய பிள்ளைங்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு பாதியில நிக்குது. அடுத்த வருஷம் வந்து முடிச்சுத் தர்றேன்னு விரலை மடக்கிச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்போ திறங்க."

சாவி திரும்பியது. மூடி திறந்தது.

ஒரு கை இல்லாத பொம்மை. காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனாக்கள். ஜிப் பிய்ந்த ஒரு பேன்ட்.

"இது... நான் கொண்டுவந்தது" என்றாள் கேமராப் பெண்.

அடியில் ஒரு ஜோடி ஷூ. அடிப்பாகம் பிரிந்து, முதலை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சாரின் மகன் போட்டுத் தேய்த்த ஷூ.

"வீட்டுல கட்டிக் குடுத்தாங்க. நான் பிரிச்சுக்கூடப் பார்க்கலை" என்றார் சார், யாரையும் பார்க்காமல்.

"அதான் ஊருக்குப் போய்த் திறக்கலாம்னு சொன்னேன்."

"குப்பையில போட்டிருக்கலாமே டீச்சர்?"

"இங்கே குப்பைக்கூடையைக் கவிழ்க்கிறதும் அந்தப் பிள்ளைங்கதானே சார்? பார்த்தா என்ன நினைப்பாங்க?"

சார் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுத்தது.

"என் ஸ்டிக்கர் எங்கே?"

டீச்சர் பெட்டியை மூடிப் பூட்டினார்.

"நான் எதையும் வீணாக்க மாட்டேன், தெரியுமில்ல?"

வராந்தாவில் கலகலவென்று சிரிப்புச் சத்தம். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அதற்குள் பரிசுகளைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்போல.

"மாமா! மாமா!"

வாசலில் ஒரு சின்னப் பெண் குதித்துக்கொண்டு நின்றாள். விரல்களையும் தாண்டித் தொங்கியது அவள் போட்டிருந்த பச்சை ஸ்வெட்டர்.

அதன் நெஞ்சில், மேனேஜர் சாரின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.